சொந்தப் பெயரில் நிற்போம்



கிளிநொச்சியின் கிழக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சென்ற மாதம் எமக்குக் கிடைத்தது. பிள்ளையின் கொப்பியிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள். அதில் ஒரு பகுதியை அவரது அனுமதியுடன் இங்கே தருகிறோம்.

"அக்கா, நான் தொண்ணூறாம் ஆண்டு ஆறு வயதில் அம்மாவோடு படகில் இந்தியா போனனான். மண்டபம் முகாமிலதான் வளர்ந்தன். 2008 இல் அங்கத்தைய ஆள் ஒருவரைக் கோயிலில் வைத்துக் கலியாணம் கட்டினன். 2016 இல் ரண்டு பிள்ளைகளோட ஊருக்குத் திரும்பி வந்திட்டன். அடுத்த வருசம் இவர் விசா எடுத்து வந்தார். பிறகு போறதும் வாறதுமாய் இருந்தார். கொரோனாவோட எல்லாம் நின்டு போச்சு. இப்ப விசாவும் இல்லை, பாஸ்போட்டும் முடிஞ்சு போச்சு. மேசன் வேலைக்குப் போறார். பொலிசைக் கண்டால் ஒழுங்கைக்குள்ள திரும்பிடுவார். ஒருத்தர் ஒன்றரை இலட்சம் தந்தால் இவருக்கு ஐசி எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறார். காப்பை அடகு வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

கடிதத்துக்குப் பதில் எழுதுவதை விட நேரில் போவதே நல்லது என்று நினைத்தோம். மோட்டார் சைக்கிள் படலையடியில் நின்றதும், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். நாம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே, "அப்பா வீட்டில இல்லை, அப்பா வவுனியாவுக்குப் போட்டார்" என்றாள். அப்போது அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். அவரது தலை எமக்குத் தெரிந்தது.

அந்தப் பிள்ளை பொய் சொல்லும் பிள்ளையல்ல. அப்படிச் சொல்லும்படி வீட்டில் பழக்கப்பட்டிருக்கிறாள். ஆவணம் இல்லாத ஒருவர் வீட்டில் இருக்கும்போது, அதன் பாரம் பிள்ளைகள் வரை போய்ச் சேர்கிறது. இந்தப் பிரச்சினை இந்த ஒரு வீட்டில் மட்டும் இருப்பதல்ல என்பதால், இம்முறை இந்தப் பக்கத்தில் இதையே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அவரது கேள்விக்கான பதில். தங்கச்சி, காப்பை அடகு வைக்க வேண்டாம். அந்த அடையாள அட்டை வேண்டவே வேண்டாம்.

காரணம் இதுதான். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் தேசிய அடையாள அட்டை இலங்கைப் பிரசைகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. வேறு நாட்டுப் பிரசை ஒருவருக்கு அது சட்டப்படி கிடைக்க வழியே இல்லை. ஆகவே தரகர் தரப்போவது போலி அட்டையாக இருக்கும், அல்லது இறந்துபோன அல்லது காணாமற்போன ஒருவரின் பிறப்புப் பதிவை வைத்து எடுத்த அட்டையாக இருக்கும். போரில் காணாமற்போன தன் பிள்ளையை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் மகனது பெயரில் உங்கள் கணவர் நடமாடுவதை நினைத்துப் பாருங்கள்.

விசா காலம் கடந்து தங்குவது 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டப்படி குற்றம்தான். ஆனால் அது விளக்கம் சொல்லக்கூடிய, தண்டம் கட்டித் தீர்க்க முயலக்கூடிய குற்றம். பொய்ப் பெயரில் அட்டை எடுப்பது வேறு. அதற்குப் பிறகு "நான் இவளின் கணவன், இவர்களின் தகப்பன், எனக்கு இங்கே இருக்க அனுமதி தாருங்கள்" என்று எந்த அலுவலகத்திலும் அவரால் கேட்க முடியாது. அட்டையில் உள்ள பெயர் கொண்ட அந்த ஆள் உங்களைக் கலியாணம் கட்டவும் இல்லை, அந்தப் பிள்ளைகளைப் பெறவும் இல்லை. குறுக்கு வழி என்று நினைத்து எடுப்பது, இருக்கின்ற ஒரே நேர்வழியையும் அடைத்துவிடும்.

சரி, அந்த நேர்வழி என்ன?

இதைப் பேசும்போது எல்லோருடைய கணவரையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. "இவர் இந்தியாக்காரர்" என்று சொல்லி எம்மிடம் வரும் பெண்களுக்கு நாம் போடும் முதற் கேள்வி, "அவருடைய தாய் தகப்பன் யார், எங்கே பிறந்தவர்கள்?" என்பதுதான். அந்தப் பதிலைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும்.

முதலாவது, அகதியாகப் போன இலங்கைப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவர். முகாமில் பிறந்த காரணத்தால் ஊரில் எல்லோரும் அவரை இந்தியாக்காரர் என்பார்கள். உண்மையில் அவர் வம்சாவளியால் இலங்கைப் பிரசையாகக் கூடியவர். குடியுரிமைச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவின் கீழ் வெளிநாட்டில் நடந்த அந்தப் பிறப்பைப் பதிய வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் பதிவது முறை. காலம் கடந்திருந்தாலும் காரணம் காட்டி அனுமதி பெறலாம். இதை இந்தியாவில் இருப்பவர்கள் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திலும், இங்கே இருப்பவர்கள் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலும் செய்யலாம். இவருக்குத் தேவை விசா அல்ல, பிறப்புப் பதிவு.

வவுனியாவில் ஒரு சகோதரி பல வருடங்களாகத் தன் கணவரை ஒளித்து வைத்திருந்தார். விசாரித்துப் பார்த்தால் அவர் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் பிறந்தவர், தாயும் தகப்பனும் மன்னார் மாவட்டத்தவர்கள். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்களைத் தேடி எடுப்பதற்கே எட்டு மாதம் பிடித்தது. ஆனால் முடிவில் அவர் சொந்தப் பெயரிலேயே அடையாள அட்டை எடுத்தார். தரகருக்கு ஒரு சதமும் போகவில்லை.

இரண்டாவது, மலையகத்து வழிவந்தவர். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் எம்மிடையே நிறைய இருக்கிறார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. அந்த அநியாயத்தைப் பெருமளவு தீர்த்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் அது குடியுரிமை வழங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த நடமாடும் முகாம்களில் பத்து நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் குடியுரிமை பெற்றார்கள் என்று ஐ.நா. அகதிகள் முகவரமைப்பு பதிவு செய்துள்ளது. இடையில் இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களையும் கருத்தில் எடுத்து 2009 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. உங்கள் கணவர் இந்த வழியில் வந்தவரானால், தோட்டத்துப் பதிவுகளும் பேரன் பேத்தியின் பழைய கடதாசிகளும் பொன்னைப் போன்றவை. எறிந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, உண்மையாகவே இந்தியப் பிரசை. எமக்குக் கடிதம் எழுதிய சகோதரியின் கணவர் இந்த வகை. அவர் இராமநாதபுரம் மாவட்டத்தவர், பெற்றோரும் அங்கேதான். மூன்றிலும் கடினமான வழி இதுதான். ஆனால் வழி இல்லை என்று இல்லை.

அவரைக் கிணற்றடியிலிருந்து கூப்பிட்டு இருத்தி, ஒவ்வொன்றாகப் பேசினோம். அங்கே சொன்னவற்றையே எல்லோருக்கும் பயன்படும் விதமாக இங்கே தருகிறோம்.

ஒன்று, கடவுச்சீட்டு. காலாவதியான கடவுச்சீட்டோடு எந்த விசாவும் கேட்க முடியாது. இந்தியப் பிரசைகளுக்கு யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் 2010 முதல் இயங்குகிறது. அது அவருடைய சொந்த நாட்டின் அலுவலகம். இலங்கைப் பொலிஸ் நிலையம் அல்ல. அங்கே போவதற்குப் பயப்படத் தேவையில்லை. இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, அங்கத்தைய முகவரிக்கான அத்தாட்சி ஆகியவற்றை ஊரில் இருக்கும் உறவினரிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

இரண்டு, திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டிய திருமணத்தை எமது சட்டம் திருமணமாக ஏற்கும். ஆனால் அலுவலகத்து மேசையில் பேசுவது சான்றிதழ்தான். இந்தியாவில் நடந்த திருமணத்துக்கு அங்கேயே சான்றிதழ் எடுப்பதா, இங்கே பதிவதா என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். வெளிநாட்டவரோடு திருமணம் பதியும் நடைமுறைகள் மாறுகின்றன. 2022 ஜனவரி முதல் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி வந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே அயலில் யாரோ செய்ததைப் பார்த்துச் செய்யாமல், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேளுங்கள்.

மூன்று, பிள்ளைகள். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. முன்பெல்லாம், திருமணத்திற்குள் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாகவே இலங்கைக் குடியுரிமை வரும். தாய் இலங்கையர், தகப்பன் வெளிநாட்டவர் என்றால் பிள்ளை அந்நியப் பிள்ளை. 2003 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. இப்போது தாய் வழியாகவும் குடியுரிமை வரும். ஆகவே இங்கே பிறந்த அந்தச் சின்னவள் இலங்கைப் பிரசை. தகப்பனின் விசா முடிந்தது அவளைப் பாதிக்காது. ஆனால் இந்தியாவில் பிறந்த மூத்த இரண்டு பேரையும் 5(2) ஆம் பிரிவின் கீழ் பதிய வேண்டும். இதில் தாமதிக்கக் கூடாது. ஏனென்றால் 2004 டிசம்பர் 3 இற்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, தாய் அல்லது தகப்பன் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால், பிறப்பால் இந்தியக் குடியுரிமை கிடைப்பதில்லை. முகாமிலிருந்த தாய்மாரை அந்தச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. இரண்டு நாட்டிலும் இல்லாத பிள்ளையாக அவர்கள் நின்றுவிடக் கூடாது. தகப்பனின் கடதாசி பிந்தினாலும், பிள்ளைகளின் கடதாசியை முந்திச் செய்யுங்கள்.

நான்கு, திணைக்களத்துக்கு முன் நிற்பது. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். கையில் எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு போய் நிற்கச் சொல்லி நாம் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் சட்டத்தரணி உதவி தருகிறது. அங்கே போய் முழு உண்மையையும் சொல்லுங்கள். எப்போது வந்தார், எத்தனை தரம் போய் வந்தார், எந்தத் திகதியோடு விசா முடிந்தது, ஏன் புதுப்பிக்கவில்லை என்பதைத் திகதி வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தண்டம் கட்டி இங்கேயே வாழ்க்கைத்துணைக்கான வதிவிட விசாவுக்கு விண்ணப்பிப்பதா, ஒரு தடவை இந்தியா போய் முறையாகத் திரும்பி வருவதா என்பது ஒவ்வொருவரின் நிலைமையைப் பொறுத்தது. அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் திணைக்களத்திடம் உள்ளது. நாமாகப் போய் உண்மையைச் சொல்வதற்கும், சோதனையில் பிடிபட்டுத் தடுப்பு நிலையத்தில் இருந்துகொண்டு உண்மையைச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஐந்து, குடியுரிமை. வதிவிட விசா கிடைத்துவிட்டால் அதுவே குடியுரிமை அல்ல. அது காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டியது. அவர் வேலை செய்யலாமா என்பதையும் அந்த விசாவின் நிபந்தனையில் பார்க்க வேண்டும். இலங்கைப் பிரசையின் வாழ்க்கைத்துணையாகச் சட்டபூர்வமாக இங்கே வசித்த பின், குடியுரிமைச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின் கீழ் பிரசையாகப் பதியும்படி விண்ணப்பிக்கலாம். இது அமைச்சரின் தீர்மானத்தில் தங்கியது. கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல. இலங்கைப் பிரசையானால் இந்தியக் குடியுரிமையை இழப்பார், இந்தியச் சட்டம் இரண்டையும் வைத்திருக்க விடாது. அது கணவனும் மனைவியும் அமைதியாக இருந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. அவருக்கும் அங்கே தாய் இருக்கிறாள், காணி இருக்கிறது.

இவ்வளவையும் எழுதும்போது எனது பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி இதே பிரச்சினையோடு வந்தபோது, "கலியாணத்தைப் பதிஞ்சு போட்டியள்தானே, இனிப் பயமில்லை" என்று சொல்லி அனுப்பினேன். சட்டப் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்ன ஆறுதல் அது. மூன்று மாதத்தில் அவரது கணவர் பஸ்ஸில் வரும்போது பிடிபட்டார். திருமணச் சான்றிதழைக் கொண்டு ஓடினோம். "இது கலியாணத்துக்கான கடதாசி அம்மா, இங்கே இருப்பதற்கான கடதாசி எங்கே?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் திருப்பி அனுப்பப்பட்டு, முறைப்படி மீண்டும் வந்துசேர இரண்டு வருடம் பிடித்தது. அந்தச் சகோதரி என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் நான் தெரியாத விடயத்துக்கு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதைதான், ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தியரை மணந்தும் குடியுரிமை கேட்க முடியாமல் இருக்கும் எமது பெண்களும் ஆண்களும் அவர்களுள் இருக்கிறார்கள். 2019 இல் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டவர்களைப் பற்றியே பேசியது. இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 இற்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டெம்பரில் இந்திய அரசு விலக்கியது. தண்டனை நீங்கியது நல்ல விடயம்தான், ஆனால் அது குடியுரிமை ஆகாது. திரும்பி வருபவர்களுக்கும் சிக்கல் உண்டு. 2025 மே மாதம் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு முறையற்ற வழியில் நாட்டை விட்டுப் போனார் என்பதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைதானதை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். உயிரைக் காக்கப் படகேறியவரிடமும் சட்டம் கடதாசியைத்தான் கேட்டது.

ஆகவே உறவினர்கள் இப்போதும் அங்கே இருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் திருமணத்தைப் பதியுங்கள், பிள்ளைகளின் பிறப்பைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியுங்கள், மருமகனோ மருமகளோ இந்தியர் என்றால் சுற்றுலா விசாவில் கூட்டி வந்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அந்த முப்பது நாள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

எமக்கு எழுதிய சகோதரியின் காரியம் இன்னும் முடியவில்லை. கணவர் யாழ்ப்பாணம் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார். சட்டத்தரணி ஒருவர் அவர்களது திகதித் தாளை வாங்கி வைத்திருக்கிறார். மூத்த பிள்ளைகள் இருவரின் பதிவுக்கான படிவம் நிரப்பப்பட்டிருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று எம்மால் வாக்குக் கொடுக்க முடியாது. ஒருவேளை அவர் கொஞ்சக் காலம் இந்தியாவில் இருந்துவிட்டு வர வேண்டியும் நேரலாம். அதை அவர்களுக்கு மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

"பிரிஞ்சிருக்கிறது எங்களுக்குப் புதிசில்லை அக்கா. ஆனால் இந்த முறை இவர் திரும்பி வருவார் எண்டு தெரிஞ்சு பிரிஞ்சிருக்கலாம்" என்றார் அந்தச் சகோதரி. காப்பு அவர் கையிலேயே இருந்தது.

நாம் புறப்படும்போது சின்னவள் படலை வரை வந்தாள். "அடுத்த முறை யாராவது வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?" என்று கேட்டோம். திரும்பித் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினார்.

"அப்பா வீட்டிலதான் நிக்கிறார்" என்றாள்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் சொல்வது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் கடதாசிகளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சட்டத்தரணி. அவரிடம் போவதற்கு முன் கேட்க வேண்டியது ஏதும் இருந்தால் வழமைபோல எமக்கு எழுதுங்கள். பெயர் வெளிவராது. அடுத்த இதழில், 2009 இல் தொலைந்துபோன திருமணப் பதிவுகளை மீளப் பெறுவது பற்றிப் பார்ப்போம்.